ஒரே விடுதி, இரண்டு அட்டை: ஏற்காட்டில் கிடைக்காத அறைகளும் திரும்பி வந்த பணமும்

2023 மே மாதம் எங்கள் சொந்தத்தில் இரண்டு குடும்பங்கள் ஏற்காட்டில் அறை பதிவு செய்தன. ஒரே இணையதளம், ஒரே விடுதி, ஒரே நாள். வாடகையும் ஒன்றுதான்: இரண்டு இரவுக்கு அறைக்கு 11,200 ரூபாய். அக்கா கிரெடிட் கார்டில் கட்டினார். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, டெபிட் கார்டில் கட்டினான். அங்கே போனபோது இருவருக்குமே அறை இல்லை. அக்காவுக்கு ஜூன் 1ஆம் தேதியே பணம் வரவு வைக்கப்பட்டது. தம்பிக்கு வந்தது செப்டம்பரில். அதுவும் நடுவே இன்னொரு 31,860 ரூபாயைத் தொலைத்து, மீட்டு, ஒரு இஎம்ஐ பவுன்ஸ் ஆன பிறகு.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்தவன் இல்லை. ஆனால் இருவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதனால் இரண்டு பேரின் காகிதங்களும் என்னிடம் ஒரே ஃபைலில் சேர்ந்தன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

மே 19, ஏற்காடு

வெள்ளிக்கிழமை காலை அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மதியம் ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் எண் பலகையைப் பார்த்துக் கத்தி எண்ணிக்கொண்டு வந்தார்கள். விடுதி பகோடா பாயின்ட் போகும் ரோட்டில். கட்டடம் நிஜம், பெயர்ப் பலகையும் நிஜம், தளத்தில் பார்த்த அதே போட்டோ. வரவேற்பில் இருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பேர்ல புக்கிங்கே இல்லீங்க. அந்த சைட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இந்த வாரத்துல இப்படி வர்ற மூணாவது குடும்பம் நீங்க."

கோடை சீசன். வேறு எங்கும் அறை கிடைக்கவில்லை. கொண்டுபோன புளிசாதத்தை ஏரிக்கரையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.

இறங்குவதற்கு முன் அக்கா ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் எழுத்தில் வாங்கும் பழக்கம். விடுதி மேலாளரிடம் போய், "இந்தத் தளம் எங்கள் முகவர் அல்ல, இன்ன தேதிக்கு இன்னாருக்கு இங்கே பதிவு எதுவும் இல்லை" என்று அவர்களுடைய லெட்டர்பேடிலேயே எழுதி, சீல் போட்டு வாங்கினார். தம்பிக்கும் சேர்த்து இரண்டு பிரதி. இந்த ஃபைலில் இருக்கும் காகிதங்களில் அதிகம் உழைத்தது அதுதான்.

இன்னொன்றையும் அன்று கவனித்தோம். பணம் கட்டியபோது வந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்த வணிகரின் பெயருக்கும் தளத்தின் பெயருக்கும் ஒட்டோ உறவோ இல்லை. பதிவு செய்த அன்றே அதைப் படித்திருந்தால் அன்றே கேள்வி கேட்டிருக்கலாம்.

மாமா 'கேம்ப்ஃபயர் முன்பணம்' என்று ஒரு செல்போன் எண்ணுக்கு யுபிஐயில் 2,000 ரூபாய் அனுப்பியிருந்தார். அது ஒரு தனிநபர் கணக்குக்கு அவரே அனுப்பிய பணம். இணையப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். இன்றுவரை வரவில்லை.

அக்காவின் பாதை

ஞாயிற்றுக்கிழமை கார்டு வங்கியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "இந்தப் பணத்தை நீங்கள் கட்டவே இல்லை என்கிறீர்களா, அல்லது கட்டினீர்கள், சேவை கிடைக்கவில்லை என்கிறீர்களா?" இரண்டாவது என்றார். உடனே டிஸ்பியூட் ஃபார்ம் மெயிலில் வந்தது. பதிவு உறுதி மெயில், வாட்ஸ்அப் உரையாடல், விடுதியின் கடிதம் மூன்றையும் இணைத்துத் திங்களன்று அனுப்பினார். தளம் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிப் பழைய கார்டை முடக்கிப் புது எண்ணில் வேறு கார்டும் கொடுத்தார்கள். அப்போது அது ஒரு தொந்தரவாகத்தான் தெரிந்தது.

இந்த வழிக்குப் பெயர் சார்ஜ்பேக். கார்டு கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு மூலமாக வணிகரின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். வணிகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. சேவை கொடுத்ததற்கு ஆதாரம் காட்டினால் அவர் ஜெயிக்கலாம். காட்டாவிட்டால் பணம் திரும்பி வரும். எங்கள் வணிகர் பதிலே சொல்லவில்லை. ஜூன் 1ஆம் தேதி தற்காலிகமாக வைத்த வரவை ஜூலை 12ஆம் தேதி உறுதி செய்தார்கள்.

நடுவில் அக்கா ஒரு தப்பு செய்யப் பார்த்தார். அந்த மாத பில் வந்ததும், "விவகாரம் முடியட்டும், அதுவரைக்கும் ஒரு பைசா கட்ட மாட்டேன்டா" என்றார். அந்த பில்லில் மளிகை, பெட்ரோல் எல்லாம் இருந்தது. மொத்த பாக்கியைக் கட்டாமல் விட்டால் வட்டியில்லாத அவகாசம் போய்விடும். பல கார்டுகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். வங்கிக்கு மெயில் போட்டு, விவகாரத் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா என்று எழுத்தில் பதில் வாங்கச் சொன்னேன். வரவு வைத்தாகிவிட்டது என்று பதில் வந்ததும் மீதியைக் கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டினார். எல்லா வங்கியும் இப்படித் தற்காலிக வரவு வைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அது வங்கிக்கு வங்கி மாறும். கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஓடிபி போட்டது நீங்கதானே?"

தம்பி அதே திங்கட்கிழமை, அதே காகிதங்களுடன் தன் வங்கிக் கிளைக்குப் போனான். கவுன்டரில் இருந்தவர் விடுதியின் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"ஓடிபி போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அப்ப நீங்களா கட்டுனதுதான். டெபிட் கார்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. போலீஸ்ல சொல்லுங்க."

அவ்வளவுதான். தம்பி கொலுசுப் பட்டறையில் கணக்குப் பார்ப்பவன். அரை நாள் லீவு போட்டு வந்தவன், அந்த ஒரு வார்த்தையோடு திரும்பிவிட்டான். "பணம் போனது போனதுதாங்ணா" என்று என்னிடமும் சொல்லிவிட்டான். நானும் அப்போது சும்மா இருந்துவிட்டேன். அந்த மூன்று வாரம்தான் இந்த விவகாரத்தில் நடந்த பெரிய நஷ்டம்.

கவுன்டரில் சொன்னது தவறு. ஆனால் அந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு வேறு கேள்விகளை அவர் ஒன்றாக்கிவிட்டார்.

ஒரு கேள்வி: இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது யார்? வேறு யாரோ செய்திருந்தால் அது அனுமதியில்லாத பரிவர்த்தனை. அதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஓடிபி அங்கே முக்கியம்.

மற்றது: கட்டிய பணத்துக்குச் சேவை வந்ததா? இங்கே ஓடிபி போட்டது நாம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கேட்பது அறை எங்கே என்பதை. இதற்கு வழி சார்ஜ்பேக். அது கிரெடிட் கார்டுக்கு மட்டும் என்று இல்லை. டெபிட் கார்டும் அதே வலையமைப்பில்தான் ஓடுகிறது, அதற்கும் உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில், சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் வரை கேட்க இடம் இருக்கிறது. மே 19ஆம் தேதியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 16. வங்கிகள் தங்களுக்குள் அதைவிடக் குறைவான கெடு வைத்திருப்பதும் உண்டு. அதனால் கடைசி நாள் வரை இழுக்கக் கூடாது.

பட்டறையில் யாரோ தம்பியிடம் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது இதற்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவின்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலோ, கடையில் கார்டு தேய்த்துப் பணம் கழிந்தும் கடைக்காரருக்கு உறுதி போகாவிட்டாலோ, 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். பரிவர்த்தனை தோற்றுப்போனதற்கான உத்தரவு அது. நம்முடையது தோற்கவில்லை, ஏமாற்றுக்காரனிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜூன் 9, வெள்ளி இரவு

இரவு 11.40க்குத் தம்பிக்கு ஒரு எஸ்எம்எஸ். ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் 31,860 ரூபாய் கழிந்திருக்கிறது. ஓடிபி கேட்கவே இல்லை.

எப்படி? 2020ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, புதுக் கார்டுகளில் ஆன்லைன் வசதியும் வெளிநாட்டு வசதியும் மூடியே வரும். நாம் வேண்டுமென்றால் ஆப்பில் திறந்துகொள்ளலாம். தம்பி மச்சினனுக்கு ஒரு வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்காக அதைத் திறந்தான். மூட மறந்துவிட்டான். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே, கார்டு எண், காலாவதி மாதம், பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண் இவற்றை வைத்தே பணம் எடுத்துவிட முடிந்தது. அந்த மூன்றையும் அறை பதிவு செய்தபோது அந்தப் போலித் தளத்தில் அவன் தட்டியிருந்தான். அங்கிருந்துதான் கசிந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதே தளத்தில் எண்ணைத் தட்டிய அக்காவுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. அக்காவின் பழைய எண் மே மாதமே முடக்கப்பட்டுவிட்டது. தம்பியைத்தான் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களே.

கணக்கில் 38,000 இருந்தது. 6,140 மீந்தது. மறுநாள் 10ஆம் தேதி வீட்டுக் கடன் இஎம்ஐ 9,450. இரண்டாம் சனிக்கிழமை, வங்கி லீவு. ஆனால் இஎம்ஐ இழுக்கும் நாச் முறை 2021 ஆகஸ்டிலிருந்து லீவு நாளிலும் ஓடுகிறது. இழுத்துப் பார்த்தது, பணம் போதவில்லை, பவுன்ஸ். வங்கி 295 ரூபாய், கடன் கம்பெனி 590 ரூபாய் அபராதம்.

என் பார்வையில் இரண்டு அட்டைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதே திருட்டு கிரெடிட் கார்டில் நடந்திருந்தால் அது பில்லில் ஒரு வரி. அதைப் பற்றி வங்கியோடு வாதாடிக்கொண்டிருக்கும்போது வீட்டு இஎம்ஐ, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் அதன்பாட்டுக்கு நடக்கும். மோசடி என்று தகராறு செய்த தொகைக்கு, அது தீரும்வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்று 2022 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதலும் சொன்னது. டெபிட் கார்டில் போவது சம்பளப் பணம். வாதம் முடிகிறவரை நம் பை காலி.

நாள் எண்ணிய கதை

தம்பி சனிக்கிழமை காலைதான் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தான். உதவி எண்ணில் நெடுநேரம் பாட்டுக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். திங்கள், செவ்வாய் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. புதன், ஜூன் 14, என்னையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனான். கார்டை முடக்கி, புகாரை எழுத்தில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்கினோம். 1930க்கும் சொல்லி அந்தப் புகார் எண்ணையும் சேர்த்தோம். கார்டை மட்டும் சனிக்கிழமை காலையிலேயே ஆப்பில் முடக்கியிருக்க வேண்டும். இன்னொரு முறை எடுக்காமல் விட்டது அதிர்ஷ்டம்.

ஜூன் 27ஆம் தேதி 21,860 ரூபாய் வரவானது. மீதி 10,000க்கு ஒரு மெயில்: நீங்கள் ஐந்து நாள் கழித்துச் சொன்னீர்கள், எனவே 10,000 உங்கள் பொறுப்பு.

2017 சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதன் கணக்கு இது. தவறு வங்கியுடையது என்றால், நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நமக்கு நஷ்டம் கிடையாது. தவறு வங்கியுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை, வெளியே எங்கோ கசிவு என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும்: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000, மற்ற சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000, அதற்கு மேற்பட்ட வரம்புள்ள கார்டுகளுக்கு 25,000. ஏழு தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நாமே ஓடிபியையோ பின் எண்ணையோ அடுத்தவரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை முழு நஷ்டமும் நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கிக்கு.

அதில் ஒரு சின்ன வரி எங்களைக் காப்பாற்றியது. நாட்களை எண்ணுவது நம் கிளையின் வேலை நாள்படி. தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. வீட்டில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் தம்பி பென்சிலால் எழுதினான். வெள்ளி 9: தகவல் வந்த நாள், கணக்கில் இல்லை. சனி 10: இரண்டாம் சனி, லீவு. ஞாயிறு 11: லீவு. திங்கள் ஒன்று. செவ்வாய் இரண்டு. புதன் மூன்று.

"அண்ணா, மூணுக்குள்ளதாங்ணா இருக்கோம்!"

அந்த மூன்று வரியையே கடிதமாக எழுதி மறுநாள் கிளையில் கொடுத்தோம். கூடவே இன்னொன்றும் கேட்டோம். புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி வைக்கும் வரவு, பணம் போன தேதியிட்டே வைக்கப்பட வேண்டும் என்கிறது அதே சுற்றறிக்கை. அப்படியானால் கணக்குப்படி ஜூன் 10ஆம் தேதி தம்பியிடம் பணம் இருந்தது. பவுன்ஸ் அபராதம் எதற்கு? ஜூலை நடுவில் 10,000 வந்தது. இரண்டு நாள் கழித்து 295ம் வந்தது.

கிளையில் அப்புறம் எங்களிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த 10,000ஐப் பிடித்ததில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. காலண்டரை எண்ணிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கத் தெரியாத ஒருவர் அந்தப் பணத்தை அப்படியே விட்டிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

விட்டுப்போன 11,200

இந்தச் சூட்டோடு பழைய அறைப் பணத்தையும் கையில் எடுத்தோம். இந்த முறை கவுன்டருக்குப் போகவில்லை. வங்கியின் தளத்தில் இருந்த குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஜூன் 24ஆம் தேதியே மெயில் அனுப்பியிருந்தோம். அதில் ஓடிபி என்ற சொல்லே வராதபடி பார்த்துக்கொண்டேன். "சேவை வழங்கப்படவில்லை, சார்ஜ்பேக் கோருகிறேன், சேவை கிடைக்க வேண்டிய நாள் மே 19" என்று மட்டும். விடுதியின் கடிதமும் கூடவே. 30 நாள் பதில் இல்லை. ஜூலை 26ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் சிஎம்எஸ் என்ற இணையப் புகார்த் தளம் வழியாகப் புகார் போட்டோம். 2021 நவம்பரில் வந்த அந்தத் திட்டத்தில் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்; வங்கிக்கு முதலில் எழுதி 30 நாள் காத்திருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகஸ்ட் 4ஆம் தேதி வங்கி சார்ஜ்பேக் எழுப்பியதாகத் தகவல் வந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரம் பணம்.

அதுவும் சரிவராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போவதாக இருந்தோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. தேவைப்படவில்லை.

அப்படியானால் எந்த அட்டை?

இதைச் சொன்னால் பலர், வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்ததை வைத்து, கிரெடிட் கார்டுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு என்கிறார்கள். அமெரிக்காவில் அது உண்மை. திருட்டுப் போன கிரெடிட் கார்டில் வாடிக்கையாளர் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. டெபிட் கார்டில் இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால்தான் அந்த 50, தாமதமானால் 500, இன்னும் தாமதமானால் முழுதும். பிரிட்டனில் 1974 கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு, விற்றவரோடு கிரெடிட் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்குகிறது. நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மூன்று நாள் கணக்கு இரண்டு அட்டைக்கும் ஒன்றுதான். சார்ஜ்பேக்கும் இரண்டுக்கும் உண்டு. காகிதத்தில் கிட்டத்தட்ட சமம். சண்டை நடக்கும்போது யார் பணம் முடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் சமம் இல்லை.

அதனால் முன்பின் தெரியாத தளத்தில், பின்னால் கிடைக்கப் போகும் சேவைக்கு முன்கூட்டியே கட்டுவதாக இருந்தால், நான் கிரெடிட் கார்டைத்தான் சொல்வேன். கெடுவுக்குள் முழு பில்லையும் கட்டுபவராக இருந்தால் மட்டும். தம்பிக்குக் கிரெடிட் கார்டு வேண்டாம் என்று அவனே முடிவு செய்துவிட்டான், கை நீண்டுவிடும் என்று பயம். நியாயமான பயம். அவன் வேறு ஒன்று செய்தான். சம்பளக் கணக்கின் டெபிட் கார்டில் ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் மூடிவிட்டான். வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று திறந்து, தேவைப்படும்போது மட்டும் அதில் இரண்டாயிரம், மூவாயிரம் போட்டு அந்தக் கார்டில் வாங்குகிறான். இஎம்ஐ இருக்கும் கணக்கை இனி எந்தத் தளமும் தொடாது.

கடன் கம்பெனியின் 590 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை. வங்கி தேதியிட்டு வைத்த வரவின் கணக்கு அறிக்கையை இணைத்து மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. மூன்றாவதின் தபால் ஒப்புகை அட்டை ஃபைலின் மேலேயே இருக்கிறது. நாலாவதை எழுதித் தரச் சொல்லித் தம்பி நேற்றும் வந்து போனான்.